செவ்வந்தி அத்தையும் எண்ணெய் முள்ளும்

எங்கள் ஊர் ரைஸ் மில் களத்தில் ஓர் இடத்தில் மட்டும் இன்றும் யாரும் நெல் காயப்போடுவதில்லை. வடகிழக்கு மூலையில் ஒரு கட்டில் அளவுக்கு சிமென்ட் கறுத்துப் போயிருக்கும். மழை பெய்து ஓய்ந்தால் அந்தக் கறுப்பில் தேங்கிய தண்ணீரின் மேல் மயில்கழுத்து நிறம் மிதக்கும். "அங்க போடாத, அது ஏரோப்ளேன் நின்ன எடம், எண்ணெ நாத்தம் அரிசி வரைக்கும் வரும்" என்று சொல்லிவிட்டு நெல்லை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அங்கே நின்றது என் அத்தையின் விமானம். ஒரே ஒருவர் உட்காரக்கூடிய சின்ன விமானம். அது எங்களோடு இருந்தது இரண்டு வருடங்கள்தான். நான் பிளஸ் டூ முடித்துவிட்டேன். அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறேன். இப்போது திரும்பிப் பார்த்தால், அந்த இரண்டு வருடங்களில் மட்டும் நான் எங்கேயும் போக ஆசைப்பட்டதில்லை என்று தோன்றுகிறது. அதனால்தான் அத்தையைப் பற்றி எழுதுகிறேன்.

அத்தையின் பெயர் செவ்வந்தி. என் அப்பா பகலவனுக்கு அக்கா. வலங்கைமானிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். தாத்தா கோவிந்தராசு ரொம்ப காலம் அடுத்தவர் பண்ணையில் வேலை பார்த்தவர். பிறகுதான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது. தன் பிள்ளைகள் இரண்டு பேரும் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று அவருக்கு ஆசை. அப்பா வைத்துவிட்டார். அத்தை வைக்கவில்லை, அதற்குப் பதிலாகக் கிரீஸில் கை வைத்தார்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தார். வகுப்பில் ஒரே பெண். படித்து முடித்ததும் வேறு மாவட்டத்தில் இருந்த ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில், எஞ்சின் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேதான் பாதி ஆயுள் போயிற்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "நேரம் கெடைக்கல" என்று ஒரே பதில். அதைக் கோபமாகவும் சொல்லமாட்டார், வருத்தமாகவும் சொல்லமாட்டார். பஸ் கிடைக்கவில்லை என்பதுபோலச் சொல்வார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த நட்டை இறுக்கினாலும், அதன் மேலிருந்து பக்கத்து உலோகம் வரை சிவப்புப் பெயின்டால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுவார். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். விமானப் பள்ளியில் பழகியது. லீவில் ஊருக்கு வரும்போதும் அதை விடமாட்டார். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார், என் சைக்கிள் சக்கரம், கிரைண்டர் என்று எதைத் திருகினாலும் நகப்பூச்சை எடுத்துக் கோடு போட்டுவிடுவார். "ஒங்க அக்கா வந்துட்டுப் போனா வீடே பொட்டு வெச்ச மாதிரி இருக்கு" என்பார் அம்மா.

அந்தப் பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. எஞ்சினைக் கழற்றி மாட்டினால், அதற்குப் பிறகு அந்த விமானம் முதல்முறை மேலே போகும்போது மாட்டியவரும் கூடவே உட்கார்ந்து போகவேண்டும். எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் அங்கே பறக்கச் சொல்லிக்கொடுத்த சேக் தாவூது என்பவர் அதை விடமாட்டார். நாகூர்க்காரர். அத்தை முதன்முதலில் ஓர் எஞ்சினை முழுசாகப் பிரித்து மாட்டிய அன்று கையைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறார். சேக் தாவூது கூப்பிட்டாராம்.

"நீ மாட்டினதுதானேம்மா?"

"ஆமா சார்."

"அப்ப ஏறு."

இந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. "மேலேர்ந்து காவேரி தெரிஞ்சுதா அத்தை?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"யாரு பாத்தா? எண்ணெச் சூட்டைக் காட்டுற முள்ளையே பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்குன பொறகுதான் அடடா, பாக்காம விட்டுட்டமேன்னு தோணுச்சு."

பள்ளியை மூடியபோது அத்தை ஊருக்கு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. பெங்களூர்ப் பக்கம் யாரோ ஒருவர் வீட்டிலேயே கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட விமானத்தை விலைக்கு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இறக்கைகளுக்கு அடிபடாமல் இருக்க வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். லாரி ரைஸ் மில் வாசலில் நின்றபோது ஊரில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். மில் ஓடுவது நின்று பல வருடம் ஆகியிருந்ததால் கொட்டகையை வாடகைக்கு எடுத்திருந்தோம். கூட்டத்தில் ஒருவர், "இதுல எத்தனை மூட்டை ஏத்தலாம்?" என்று கேட்டார். "ஒரே மூட்டை. அதுவும் உயிரோட இருக்கணும்" என்றார் அத்தை.

அதன்பிறகு எங்கள் வீட்டின் சாயங்காலங்கள் கொட்டகைக்கு இடம் மாறிவிட்டன. அப்பா வயலிலிருந்து நேராக அங்கே போவார். அம்மா டீயைத் தூக்கில் ஊற்றி எடுத்து வருவார். ரிவெட் அடிக்கிற சத்தம், தவிட்டு வாசனை, அதன் மேல் பெயின்ட் வாசனை, மேலே கம்பிகளில் புறா. அப்பாவும் அத்தையும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அப்பா புரொப்பெல்லரை வேண்டுமென்றே 'ஃபேன்' என்பார். அத்தை கையில் கிடைத்ததை அவர்மேல் எறிவார்.

விமானம் தயாரானது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்டதைப் பறக்கவிட அனுமதி இல்லை. தெற்கே மலையடிவாரத்தில் ஒரு தனியார் ஓடுதளத்தில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. அத்தைக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் கிடையாது. ஓட்ட வருவதாகச் சொன்னவர் சேக் தாவூது.

ஆனால் அதற்குமுன் எஞ்சினை இங்கேயே ஓட்டிப் பார்க்கவேண்டும். ஐப்பசியில் மழை கொஞ்சம் விட்ட ஒருநாள் விமானத்தைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். காற்று வரும் வடகிழக்கைப் பார்த்து மூக்கை வைத்தார் அத்தை. ஓடிப்போகாமல் இருக்க வாலை அப்பாவின் டிராக்டரோடு கயிற்றால் கட்டினோம். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் களத்திலிருந்த பதர் எல்லாம் எழும்பிப் பின்னால் நின்றவர்கள் தலையில் விழுந்தது. அத்தை உள்ளே உட்கார்ந்து, வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுசாகத் தள்ளினார். விமானம் கயிற்றை இழுத்துக்கொண்டு உதறியது. "கன்னுக்குட்டி மாரி இழுக்குதுக்கா!" என்று கத்தினார் அப்பா.

அத்தைக்கு அது காதில் விழவில்லை. அவர் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு, நூறு, நூற்றுப் பத்து. எங்கும் நிற்காமல் முள் ஏறிக்கொண்டே போயிற்று. நூற்றிருபதைத் தொட்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் போகக் கூடாது.

இதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அந்த எஞ்சினுக்குக் கார் மாதிரி தண்ணீர் ரேடியேட்டர் கிடையாது. காற்றுதான் அதை ஆற்றவேண்டும். மூக்கில் புரொப்பெல்லருக்கு இரண்டு பக்கமும் இரண்டு வாய்கள் இருக்கும். அதன் வழியாக வரும் காற்று எஞ்சினுக்கு மேலே நிரம்பி, சிலிண்டர்களைச் சுற்றி மீன் செவுள் மாதிரி இருக்கும் தகடுகளின் இடுக்கில் நுழைந்து கீழே இறங்கி, அடியில் இருக்கும் திறப்பு வழியாக வெளியே போகவேண்டும். அதில் ஒரு பங்கு எண்ணெய்க் கூலர் வழியாகப் போய் எண்ணெயை ஆற்றும். எண்ணெய் ரொம்பச் சூடானால் தண்ணீர் மாதிரி இளகிவிடும். அப்புறம் உள்ளே இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் இறுகி நின்றுவிடும். கார் என்றால் ஓரமாக நிறுத்தலாம்.

அடுத்த வாரம் சேக் தாவூது நாகூரிலிருந்து திருவாரூர் வழியாக பஸ் மாறி வந்தார். வெள்ளைச் சட்டை, காதில் மிஷின், கையில் ஒரு பொட்டலம் இறால் வாடா, அவர் ஊர்ப் பலகாரம். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தார். முள் நூற்றிருபதைத் தொட்டது. அத்தை நிறுத்தினார்.

"பொண்ணு அழகாத்தான் இருக்கு செவ்வந்தி. காய்ச்சல்தான் அடிக்குது" என்றார்.

அப்பா, "மேல போனா காத்து கூடுதலாக் கெடைக்கும்ல சார்?" என்று கேட்டார்.

"போன பொறகு கெடைக்கும் தம்பி. ஏறும்போது கெடைக்காதே. மூக்கைத் தூக்கிக்கிட்டு மெதுவாத்தான் ஏறணும், எஞ்சின் முழுசா ஒழைக்கும். கொதிக்கிறதே அப்பத்தான். கீழ மரம் இருக்கும், வீடு இருக்கும். நான்தான் இருக்கமாட்டேன்." சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னார். "முழு த்ராட்டில்ல முள்ளு நூத்தி இருவதுக்கு இந்தப் பக்கமே நிக்கணும். ஏறிக்கிட்டே இருக்கக் கூடாது, நிக்கணும். நின்னுச்சுன்னா ஒரு போன் பண்ணு. நான் திரும்ப வந்து பாக்கமாட்டேன். நீ சொன்னாப் போதும், நேரா அங்க வந்து ஏறிடுறேன்."

"சரி சார்."

"தை பொறந்தா என் மெடிக்கல் சர்ட்டிபிகேட் முடிஞ்சிடும்மா. இந்தக் காதை வெச்சுக்கிட்டு இனிமே எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். இந்த மார்கழிதான் நமக்கு."

அவர் போனபிறகு அம்மா கேட்டார். "வேற ஆளே கெடைக்காதா அண்ணி?"

"கெடைப்பாங்க. அவங்கல்லாம் வந்து, பாத்து, எஞ்சினைத் தொறந்து காட்டச் சொல்லி, அப்பறம் ஏறுவாங்க. இவர் நான் சொன்னா ஏறுவாரு." கொஞ்சநேரம் கழித்து, "ஒரே சீட்டு வேற. நான்தான் மாட்டினேன், நான் கூட ஏற முடியாது" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் அவருடைய கவலை எனக்குப் புரிந்தது. மாட்டியவர் ஏறவேண்டும் என்று சொன்ன மனிதர், மாட்டியவர் ஏற முடியாத விமானத்தில், அத்தையின் ஒரு வார்த்தையை மட்டும் நம்பித் தனியாகப் போகப்போகிறார்.

சூட்டைக் குறைக்க என்ன செய்வது என்று முதலில் யோசனை சொன்னவர் அப்பா. எங்கள் நிலம் கடைமடை. ஆற்றில் திறந்துவிடும் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களுக்கு வரும். தண்ணீர் போதவில்லை என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடை வாயை அகலமாக வெட்டுவது.

"காத்து பத்தல. வாயைப் பெருசா வெட்டுக்கா" என்றார் அப்பா.

அத்தை கொஞ்சம் யோசித்தார். அப்புறம், "வெட்டித்தான் பாப்போம்" என்றார். மூக்கிலிருந்த இரண்டு வாய்களையும் அகலமாக அறுத்து, ஓரங்களை ஃபைபர் வைத்துத் தேய்த்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "இப்பத்தான் நல்லா மூச்சு வாங்கும்" என்று தலையாட்டினார்கள். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை. மறுபடியும் டிராக்டர், கயிறு, வடகிழக்குக் காற்று. முள் முன்னைவிடச் சீக்கிரமாக நூற்றிருபதுக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் கொட்டகையில் எல்லோரும் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அப்பாதான் கடைசியில் ஆரம்பித்தார்.

"சூடு பாக்குற அந்தச் சென்சார் இப்ப எங்க இருக்குக்கா?"

"எண்ணெத் தொட்டியில. கொதிக்கிற எடத்துல."

"கூலர்லேர்ந்து ஆறி வருதுல்ல ஒரு குழாய், அதுல மாத்தி வெச்சா?"

"பத்துப் பதினஞ்சு கொறைச்சுக் காட்டும்."

"அப்ப முள்ளு நிக்கும்ல?"

"முள்ளு நிக்கும்" என்றார் அத்தை.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்" என்று அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். அத்தை எஞ்சினையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஸ்பேனர் இருந்தது. சாப்பிடவும் வரவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் போனபோது, எண்ணெய்த் தொட்டியில் சென்சார் மாட்டியிருந்த நட்டின் குறுக்கே சிவப்புக் கோடு ஈரமாகப் பளபளத்தது. மற்ற கோடுகளைவிடத் தடிமனாக இருந்தது.

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா, நான் என்ன திருடனா? எனக்காகவா இதைப் போட்ட?"

"எனக்காகப் போட்டேன்டா" என்றார் அத்தை.

அன்றைக்குத்தான் அவர் அம்மாவிடம் பூக்கட்டும் நூல் கேட்டார். அதை விரல் நீளத்துக்கு வெட்டி, எஞ்சின் மூடிக்குள் சந்து பொந்தெல்லாம் ஒவ்வொரு துண்டாக ஒட்டினார். சிலிண்டர்களுக்கு மேலே, காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் தடுப்புத் தகடுகளின் ஓரத்தில், கூலரின் முன்னால், அடியில் காற்று வெளியேறும் இடத்தில். காற்று எங்கே எந்தப் பக்கம் போகிறது என்று நூல் காட்டிவிடுமாம். உள்ளே கண் வைத்துப் பார்க்க முடியாது. என் ஃபோனைக் கேட்டார். துணியில் சுற்றி மூடிக்குள் கட்டுவதற்கு.

"எரிஞ்சு போச்சுன்னா புதுசு வாங்கித் தர்றேன் வாணி" என்றார் என்னிடம்.

"எரியட்டும் அண்ணி, வாங்கித் தராதீங்க" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம்தான் ஓட்டினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, நாலு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அந்தச் சின்னத் திரையைப் பார்த்தோம். மேலே தகரத்தில் மழை. ஃபோன் கையில் பிடிக்க முடியாமல் சுட்டது.

சிலிண்டர்களுக்கு மேலே இருந்த நூல்கள் சோம்பலாக ஆடின. ஆனால் தடுப்புத் தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே இருந்த இடுக்குகளில், விரல்கூட நுழையாத சந்துகளில், நூல்கள் கம்பி மாதிரி விறைத்து நின்றன. உள்ளே வந்த காற்று சிலிண்டரைத் தொடாமல் அந்த வழியாக ஓடிப்போய்க்கொண்டிருந்தது.

"நண்டு வளை!" என்றார் அப்பா. வயலில் தண்ணீர் கட்டி வைத்தால், வரப்பில் நண்டு தோண்டிய வளை வழியாக ராத்திரியோடு ராத்திரியாக வடிந்துவிடும். அதே மாதிரிதான் இருந்தது.

"இரு, இரு. கீழ பாரு" என்றார் அத்தை.

அடியில், காற்று வெளியேறவேண்டிய திறப்பில் இருந்த நூல்கள் வெளியே பறக்கவில்லை. சுழன்றுகொண்டிருந்தன. ஓரத்தில் இரண்டு நூல்கள் உள்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தன. போக வழியில்லாமல் காற்று அங்கேயே தேங்கி நின்றது.

அத்தை திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் பகலவா, வடிகாலைத் தூர்வாரணும், வடிகாலைத் தூர்வாரணும்னு வருஷா வருஷம் ஆபீஸ் ஆபீஸா மனு குடுக்குறவன் நீ. எஞ்சினுக்கு மடையை மட்டும் வெட்டச் சொன்னியே, வடிகால் எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"பாலிடெக்னிக் படிச்சது யாரு? நானா?"

"படிச்சு என்ன பண்றது, நானும் இந்த ஊருக்காரிதானே. தண்ணி வரலயேன்னே அழுது பழகிட்டோம். போறதுக்கு வழி இருக்கான்னு பாக்கத் தோணல."

அப்பாவும் சிரித்துவிட்டார். வெளியே எங்கள் சம்பா வயலிலும் அன்று தண்ணீர் போக வழியில்லாமல்தான் நின்றுகொண்டிருந்தது. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. அகலமாக வெட்டிய வாய்களை மறுபடியும் பழைய அளவுக்குச் சுருக்கினார்கள். இடுக்குகளை எல்லாம் சூடு தாங்கும் ரப்பரை வெட்டி ஒட்டி அடைத்தார்கள். அடியிலிருந்த திறப்பைப் பெரிதாக்கி, அதன் முன் ஓரத்தில் ஒரு தகட்டை உதடு மாதிரி கீழ்நோக்கி வளைத்து வைத்தார் அத்தை. வெளியே ஓடும் காற்று அந்த உதட்டைத் தாண்டும்போது உள்ளே இருப்பதை இழுத்துக்கொண்டு போகும் என்றார். அப்பா நண்டு வளை தேடுவதில் கெட்டிக்காரர். கண்ணால் பார்க்கமாட்டார். விரல் நுனியை ஓரங்களில் நகர்த்திக்கொண்டே வந்து, "இங்க ஒண்ணு" என்று நிறுத்துவார்.

மார்கழியில் ஒரு காலை. பக்கத்து ஊர்க் கோயிலில் ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. வாடைக்காற்று முகத்தில் நேராக அடித்தது. அத்தை த்ராட்டிலை முழுசாகத் தள்ளினார். கயிறு விறைத்தது. தொண்ணூறு. நூறு. நூற்று எட்டு. நான் இறக்கையின் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டில் முள் மெதுவானது. நூற்றுப் பதிமூன்றுக்கு வந்தது. அப்புறம் நகரவில்லை. அத்தை எஞ்சினை நிறுத்தவில்லை. ஓடட்டும் ஓடட்டும் என்று விட்டுக்கொண்டே இருந்தார். டிராக்டரின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்பா ஏதோ கத்தினார், யாருக்கும் கேட்கவில்லை. முள் அதே இடத்தில் நின்றது.

அத்தை கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்தார். "சார், நின்னுடுச்சு" என்றார். அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி வந்தது. "எவ்வளவுல?"

"நூத்திப் பதிமூணு."

"சரி, வண்டியில ஏத்து."

இறக்கைகளைக் கழற்றி, மறுபடியும் வைக்கோல் வைத்துக் கட்டி, லாரியில் ஏற்றினோம். ஓடுதளம் மலைக்குக் கீழே நீளமாகக் கிடந்தது. எங்கள் ஊரில் மலையே கிடையாது என்பதால் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இறக்கைகளை மாட்டி, ஒவ்வொரு நட்டிலும் கோடு போட்டு முடிப்பதற்குள் ஒரு பகல் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் சேக் தாவூது வந்தார். விமானத்தைச் சுற்றிவந்து, எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்தார். எண்ணெய்த் தொட்டியில் சென்சார் இருந்த இடத்தை, அதன் மேலிருந்த தடித்த கோட்டைப் பார்த்தார். விரலால் ஒருதரம் தடவினார். மூடியை மூடிவிட்டு, "பிஸ்மில்லா" என்று சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

அத்தையின் கையில் ஒரு வயர்லெஸ் கொடுத்திருந்தார்கள். சேக் தாவூது போகப் போக முள் காட்டுவதைச் சொல்லிக்கொண்டே போவார் என்று பேச்சு. எஞ்சின் முழங்கியது. விமானம் ஓடுதளத்தில் ஓடி, வால் தூக்கி, ஒரு சின்னக் குதிப்புக் குதித்து, அப்புறம் தரையைத் தொடவில்லை. நான் கத்திவிட்டேன். அப்பா கும்பிட்டார், யாரை என்று தெரியவில்லை.

வயர்லெஸ்ஸில் கரகரப்பாகக் குரல் வந்தது. "தொண்ணூத்தி நாலு." விமானம் மலையைப் பார்த்து ஏறியது. "நூத்தி மூணு." சின்னதாகிக்கொண்டே போயிற்று. "நூத்தி ஒம்போது." பிறகு ஒன்றும் வரவில்லை. "நூத்திப் பதினாலு." மறுபடியும் இடைவெளி. "நூத்திப் பதினாலு." இன்னும் கொஞ்சம் நேரம். "நூத்திப் பதினாலுதாம்மா, நிக்குது. சமமாப் போறேன் இப்ப." அதற்கப்புறம் எண்கள் இறங்க ஆரம்பித்தன. நூற்றுப் பத்து. நூற்று ஏழு.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். வயர்லெஸ்ஸைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்களை இறுக்க மூடியிருந்தார். இன்னொரு கை முழங்காலின் மேல் மடங்கியிருந்தது, த்ராட்டிலைப் பிடித்திருப்பதுபோல. தலைக்குமேலே விமானம் வட்டம் போட்டு, வெயிலில் ஒருமுறை மின்னி, திரும்பி வந்து இறங்கி, ஓடி நிற்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

சேக் தாவூது இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது. காது மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கீழேர்ந்து பாக்க எப்படிம்மா இருந்துச்சு?" அவருக்குக் கேட்கவில்லை என்பதால் சத்தமாகவே கேட்டார்.

"நான் பாக்கல சார்" என்றார் அத்தையும் சத்தமாக.

"பாக்கலயா? பின்ன என்னதான் பண்ணே?"

"முள்ளைக் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் அத்தையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த ஓடுதளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். "அப்ப நீயும் ஏறித்தான் வந்திருக்கே! நான் ஒத்த ஆளுன்னு நெனச்சுல்ல பயந்துக்கிட்டே போனேன்!"

அவருடைய மெடிக்கல் அந்தத் தையில் முடிந்தது. அதன்பிறகு அவர் விமானம் ஓட்டவில்லை. எங்கள் விமானம் அந்த ஓடுதளத்திலேயே இருக்கிறது. இளைஞர்கள் இரண்டு பேர் அதை ஓட்டுகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை அத்தை பஸ் ஏறிப்போய், எஞ்சினைப் பார்த்து, கோடுகளைப் புதுப்பித்துவிட்டு வருகிறார். கொட்டகை காலியாகிவிட்டது. புறாக்கள் இருக்கின்றன. சாயங்காலம் ஆனால் அப்பா பழக்கத்தில் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவார். அம்மா சில நாள் தூக்கில் டீ ஊற்றியபிறகுதான் நினைவு வந்து டம்ளர்களில் மாற்றுவார்.

அன்று நான் வீடியோ எடுக்கவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதனால் கரண்ட் போன நேரங்களில் அத்தை எங்களிடம் கேட்பார்.

"மேல போனப்ப எப்படிடா இருந்துச்சு?"

"கொக்கு மாரி இருந்துச்சு" என்பார் அப்பா.

"கொக்கா? என் ப்ளேனு கொக்கு மாரியா பறந்துச்சு?"

"சரி, நாரை."

"வாணி, நீ சொல்லு. ஒங்கப்பனுக்கு வயல்ல நிக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது."

நான் சொல்வேன். வால் தூக்கியது, குதித்தது, மலைக்கு முன்னால் சின்னதானது, திரும்பும்போது இறக்கையின் அடியில் வெயில் பட்டது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இறக்கையில் வெயில் பட்டது என்று சொல்லும்போது மட்டும், "அப்ப முள்ளு எவ்வளவுல இருந்துச்சு?" என்று கேட்பார்.

"நூத்தி ஏழு அத்தை."

"ம், ஆமா. நூத்தி ஏழு" என்பார். அந்த இடம் அவருக்குத் தெரியும்.